அவள் வேண்டுதல், என் தலைமுடி

எனக்குத் தலை நிறைய முடி. இந்த வயதில் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல வழியில்லை. எழுபது தாண்டியும் கொட்டவில்லை. வெள்ளை வெளேரென்று, பின்னால் வாரிவிட்டால் அலை அலையாக நிற்கும். என்னோடு கல்லூரியில் வேலை பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உச்சி பளபளக்கிறது. ஓய்வு பெற்றவர்கள் கூடும் நாளில் எடுக்கிற படத்தில், நான் கடைசி வரிசையில் நின்றாலும் தெரிவேன். அந்தப் படம் கைப்பேசியில் வந்ததும், யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

அடுத்தது, எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. திருத்தணியில் பிறந்து, மலைக்குக் கீழேயே வீடு கட்டிக்கொண்டு, அரோகரா சத்தத்தில் தினமும் கண் விழித்தும் வரவில்லை. வேதியியல் கற்றுக்கொடுத்தவன் நான். விபூதியில் என்னென்ன உப்பு இருக்கிறது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறேன். வெளியில் அதைக் கொள்கை என்று சொல்லிக்கொள்வேன். கொள்கையும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாதி நேரம் அது மற்றவர்களைச் சீண்ட எனக்குக் கிடைத்த குச்சி.

சீண்டுவதற்கு வீட்டில் என் மனைவி இருந்தாள். அம்மையார்குப்பத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். ஒரு கிருத்திகை தவறாமல் மலைக்குப் போவாள். நானும் கூடக் கிளம்புவேன், மலையடிவாரத்து டீக்கடை வரைக்கும். அவள் மேலே போய்விட்டு வரும்வரை பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். இறங்கி வந்ததும் கேட்பேன்.

“இன்னா சொன்னாரு உங்க ஆளு?”

“உங்களத்தான் விசாரிச்சாரு. டீக்கடைல குந்திகினு இருக்காருன்னு சொல்லிட்டு வந்தேன்.”

அவளிடம் நான் ஜெயித்ததாக நினைவில்லை.

எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருசக்கர வண்டி பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார் ஒருவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னைச் சார் என்பார். நாள் தவறாமல் சாயங்காலம் அவர் பட்டறை ஸ்டூலில் உட்காராவிட்டால் எனக்குப் பொழுது போகாது. சில வருடங்களுக்கு முன்னால் அவர் மெக்காவுக்கு உம்ரா போய்விட்டு மொட்டைத் தலையோடு திரும்பினார். அங்கே போகிற ஆண்கள் முடி இறக்குவது அவர்கள் வழக்கம். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

“இன்னா பாய், இதுக்கா விமானம் ஏறிப் போனீங்க? நம்ம மலை மேலயே எறக்கியிருக்கலாமே. நடந்தே போயிருப்பீங்க.”

அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, “நம்ம மலையில எறக்கினா பாஸ்போர்ட்ல சீல் குத்த மாட்டாங்க சார்” என்றார்.

சிரித்தோம். அவர் சிரித்தார் என்பதால் அவருக்கு வலிக்கவில்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன். இப்படி எத்தனையோ முடிவுகளை அடுத்தவர் சார்பில் எடுத்திருக்கிறேன்.

போன ஐப்பசியில் எனக்கு நெஞ்சு வலி வந்தது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வீடு திரும்பிச் சில நாள் கழித்து, தட்டில் இட்லியை வைத்துவிட்டு மனைவி சொன்னாள்.

“உங்கள உள்ள கூட்டிகினு போனப்ப முருகன்கிட்ட வேண்டிக்கினேன்.”

“நல்லது.”

“பொழைச்சு வந்தா உங்க முடிய எறக்கறேன்னு.”

இட்லி தொண்டையில் நின்றது. இதய நோயாளியிடம் சொல்கிற செய்தியா இது!

“என் முடியையா?”

“ஆங். பின்ன, பக்கத்து வூட்டுக்காரர் முடியையா?”

எங்கள் ஊரில் இது சகஜம். அம்மா பிள்ளை முடியை வேண்டிக்கொள்வாள், அக்கா தம்பி முடியை வேண்டிக்கொள்வாள். தலைக்குச் சொந்தக்காரனை யாரும் கேட்பதில்லை. அவனும் ஒரு நாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் குனிந்து உட்கார்ந்துவிடுவான்.

நான் குனியத் தயாராக இல்லை. ஸ்டென்ட் வைத்தது டாக்டர், கூலி மட்டும் முருகனுக்கா என்று கேட்டேன். “டாக்டர் முடி கேக்கலையே” என்றாள். சரி, பெண்கள் பூமுடி என்று ஒரு கொத்து மட்டும் வெட்டிக் கொடுக்கிறார்களே, அதுபோலக் கொடுத்தால் என்ன என்று பேரம் பேசினேன். “அப்ப ஜாக்கெட்டும் தெச்சிக்கங்க” என்றாள்.

பிறகு தள்ளிப் போட ஆரம்பித்தேன். பனி என்றேன், சளி என்றேன். கூட்டம் குறையட்டும் என்றேன். திருத்தணியில் கூட்டம் எப்போது குறைந்திருக்கிறது? கொள்கைக்காகத்தான் மறுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று யோசித்தால், எனக்குத் தலை வழுக்கையாக இருந்திருந்தால் பெருந்தன்மையாக மலையேறிப் போய் மிச்சத்தைக் கொடுத்திருப்பேன். அப்போது என் கொள்கை எங்கே போயிருக்கும் என்று தெரியவில்லை.

மறுபரிசோதனைக்குச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தபோது மனைவிக்கு முழங்கால் வலி. பாயைத் துணைக்கு அனுப்பினாள். நோன்பு மாதம். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்த மனுஷன் என்னோடு ரயிலில் வந்து, டாக்டர் அறைக்குள்ளும் வந்து உட்கார்ந்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை விடாதீர்கள், தினமும் நடங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர்.

திரும்பும் ரயிலில் அந்த மாத்திரைப் பட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆவடி தாண்டும்போது யோசனை உதித்தது. ஒரு மாணவனுக்குப் பரீட்சையில் விடை தோன்றினால் வருகிற மகிழ்ச்சி இருக்கிறதே, அது வந்தது.

“பாய், டாக்டர் இன்னொண்ணும் சொன்னாரு இல்ல?”

“இன்னா சார் சொன்னாரு?”

“இந்த மாத்திரை சாப்பிடறவன் தலையில சவரக்கத்தி படக் கூடாது. கீறல் விழுந்தா ரத்தம் நிக்காது.”

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நான் கூடத்தான இருந்தேன்? எனக்குக் கேக்கலியே.”

“நோன்புல காது அடைச்சிருக்கும்.”

அவருக்குப் புரிந்துவிட்டது. வேண்டுதல் கதை முழுக்க அவருக்குத் தெரியும். “சார், வேணாம் சார். அக்கா கேட்டா நான் இன்னா சொல்றது? நான் நோன்பு இருக்கேன். வாய் தொறந்து பொய் சொன்னா, நாள் பூரா பட்டினி கெடந்தது வீணாப் பூடும்.”

“உங்கள யாரு பொய் சொல்லச் சொன்னாங்க? நான் சொல்லிக்கறேன். நீங்க வாயே தொறக்காதீங்க.”

“கேட்டுட்டாங்கன்னா?”

“கேக்க மாட்டா.”

அன்று இரவு சாப்பாட்டின்போது சொன்னேன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். “எனக்கு ஒண்ணும் இல்ல, போய்க் குனிஞ்சிருப்பேன். டாக்டர் தடுத்துட்டாரு.”

அவள் மோர் ஊற்றிய கையை நிறுத்தினாள். “தெனம் காலைல தாடைய செரச்சிக்கிறீங்களே, அங்க கத்தி படலாமா?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் முப்பது வருடம் வகுப்பெடுத்தவன். தலைத்தோலில் ரத்த நாளங்கள் அதிகம், சின்னக் கீறலுக்கும் நிறைய ரத்தம் வரும் என்று விளக்கினேன். அது உண்மையும்கூட. படித்தவன் பொய்யில் கால்பங்கு உண்மை கலந்திருக்கும், அதனால்தான் அது நிற்கும். மறுநாளே பஜாருக்குப் போய்ப் பேட்டரியில் ஓடுகிற சவர மிஷின் ஒன்று வாங்கி வந்து, அவள் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்து தாடையில் ஓட்டினேன்.

“அப்ப வேண்டுதல் இன்னா ஆறது?” என்று மட்டும் கேட்டாள்.

“அப்பனுக்கே பாடம் சொன்னவராச்சே உங்க ஆளு. மாத்திரை சமாசாரம் புரியாதா? விட்டுடுவாரு.”

அவள் எழுந்து உள்ளே போனாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த கிருத்திகை அன்று நான் டீக்கடைக்குக்கூடப் போகவில்லை. இதய நோயாளிக்கு வெயில் ஆகாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். பாயின் மனைவியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இவள் ஆட்டோவில் போனாள். அந்த அம்மாவும் நோன்புதான். இவள் கோயிலுக்குள் போக, அந்த அம்மா வெளியே நிழலில் உட்கார்ந்து பையையும் செருப்பையும் பார்த்துக்கொள்வது முன்பே இரண்டு மூன்று தடவை நடந்ததுதான்.

மத்தியானம் மாடி வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ வந்து நின்றது. புர்கா அணிந்த ஒருவரும், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒருவரும் இறங்கினார்கள். இந்த ஊரில் மொட்டைத் தலையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? தெருவில் பத்து அடிக்கு ஒன்று போகும். நான் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியிலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது.

நிமிர்ந்தேன். மஞ்சள் சந்தனத் தலை, பெரிய குங்குமம், காதில் தோடு. தோடு மட்டும் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது.

“இன்னா இது?” என்றேன்.

“வேண்டுதல். உங்க தலைல கத்தி படக் கூடாது இல்ல? அதான் என்னுத குடுத்துட்டேன்.” முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “லேசா இருக்கு. இத்தன வருசம் எதுக்கு சொமந்தேன்னு தெரில. வெந்நி போடறீங்களா, காலு வலிக்குது.”

வெந்நீர் போட்டேன். அடுப்பைப் பற்ற வைக்க நாலு தடவை முயல வேண்டியிருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். “பொய் சொன்னேன்” என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? தண்ணீர் கொதித்து ஆவி வருகிற வரைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வாளியில் ஊற்றி அவள் காலடியில் வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

அதற்குப் பிறகு என் முடி என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கண்ணாடி முன்னால் நின்று வாரும்போது பின்னால் அவள் கடந்து போவாள். நான் சீப்பை ஏதோ திருட்டுச் சாமான் போல வைத்துவிடுவேன். கீழே போனால் பாய் வண்டிச் சக்கரத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்து, “முடி நல்லா இருக்கு சார்” என்பார். பிறகு ஸ்டூலை எனக்கு நகர்த்திப் போடுவார்.

சாயங்காலம் தெருவில் பூக்காரம்மா வருவாள். மனைவி எப்போதும் ஒரு முழம் வாங்குவாள். மொட்டையடித்த மறுநாளும் பழக்கத்தில் கூப்பிட்டு வாங்கிவிட்டாள். முருகன் படத்துக்குப் பாதி கிள்ளி வைத்தாள். மீதியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றும் முற்றும் பார்த்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நேராக வந்து என் காதுக்கு மேல் முடியில் செருகினாள்.

“இந்த வூட்ல இப்ப உங்களுக்குத்தான் எடம் இருக்கு.”

சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய்விட்டாள். அதை எடுக்கவும் தோன்றவில்லை, வைத்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. தண்ணீர்க்கேன் போட வந்த பையன் பார்த்துவிட்டு, கேனை வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

சித்திரையில் மறுபடி பரிசோதனைக்குப் போகும் நாள் வந்தது. “நானும் வரேன்” என்றாள். முழங்கால் வலிக்குமே என்றேன். “எனக்கும் டாக்டர ஒரு வார்த்த கேக்கணும்” என்றாள். டாக்டர் முன்னால் கேட்கப் போகிறாள். கேட்டால் அவர் ஒரு நொடியில் போட்டு உடைப்பார். அதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று ரயில் ஏறும்போது முடிவு செய்தேன். அரக்கோணத்தில் கூட்டம் ஏறியது. கூட்டத்தில் எப்படிச் சொல்வது?

அவள் மொட்டையில் அப்போது அரைவிரல் உயரம்கூட முடி முளைத்திருக்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், அலுவலகத்துக்குப் போகிறவள், மனைவியைப் பார்த்ததும் எழுந்து தன் ஜன்னல் ஓர இடத்தைக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்.

“எந்த ஆஸ்பத்திரிம்மா போறீங்க?”

மனைவி பெயரைச் சொன்னாள்.

“தைரியமா இருங்கம்மா. எங்க பெரியம்மாக்கும் இப்படித்தான் கொட்டிச்சு. இப்ப நல்லா இருக்காங்க.”

மனைவிக்குப் புரியச் சற்று நேரமானது. “அய்யய்ய, எனக்கு ஒண்ணும் இல்லமா. ஒடம்பு சரியில்லாதது இவருக்கு” என்று என்னைக் காட்டினாள். “இவருக்காக நான் மொட்ட போட்டுகினேன்.”

அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலையைப் பார்த்தாள். பெரம்பூர் வரை அவ்வப்போது பார்த்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் நாடியைப் பார்த்தார், தாள்களைப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். அவள் பக்கம் திரும்பி, “திருத்தணி மொட்டையாம்மா?” என்று சிரித்தார். பிறகு என்னிடம், “சார், நீங்க குடுக்கலையா? நல்ல அறுவடை இருக்கே” என்றார்.

வந்துவிட்டது என்று நினைத்தேன். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலைல கத்தி படக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க டாக்டர், என்று.

“அவருக்கு அதுலலாம் நம்பிக்க இல்லீங்க” என்றாள் மனைவி. “நான் கேக்க வந்தது வேற. இவரு வாரத்துல ரெண்டு நாளு கருவாடு கேக்கறாரு. குடுக்கலாமா?”

உப்பு அதிகம், கூடாது என்றார் டாக்டர். அவள் திருப்தியாகத் தலையாட்டினாள்.

திரும்பும் ரயிலைப் பிடித்தோம். திருவள்ளூரில் கூட்டம் இறங்கியது. திருவாலங்காட்டில் ரயில் நின்றபோது எங்கள் பெட்டியில் கதவோரம் தூங்குகிற ஒருவரைத் தவிர யாருமில்லை. வெளியே கரும்பு. நான் அவளைப் பார்க்காமல், கரும்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“டாக்டர் அப்படி ஒண்ணும் சொல்லல. கத்தி படக் கூடாதுன்னு. நானாத்தான் சொன்னேன். முடி போயிடுமேன்னு.”

“தெரியும்” என்றாள்.

“எப்பத்திலிருந்து?”

“நீங்க சொன்ன மறுநாளே. பாயாண்ட போயி கேட்டேன். ‘டாக்டர் நெஜமாவே அப்பிடி சொன்னாரா பாய்’ன்னு. அவரு ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. முன்னாடி நின்னுகினு இருந்த வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலேட்டர முறுக்கு முறுக்குன்னு முறுக்கறாரு. கடையெல்லாம் பொக. நான் மறுபடி கேக்கறேன், இன்னும் முறுக்கறாரு. இருமி இருமி கண்ல தண்ணி. பாவம், நோன்பு வேற. சரி, பொய்யி சொல்ல முடியாம தவிக்கறாருன்னு தெரிஞ்சிகினேன். வந்துட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்று தெரிந்தும் வந்தது. அவளும் சிரித்தாள். தூங்கியவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

“தெரிஞ்சும் ஏன் என்னக் கேக்கல?”

“கேட்டா இன்னா பண்ணுவீங்க? இன்னொரு பொய்யி சொல்லுவீங்க. அதுக்கு இன்னொரு மிஷின் வாங்கிகினு வருவீங்க.”

“தெரிஞ்சும் ஏன் போய் உன் முடியக் குடுத்த?”

ரயில் நகர ஆரம்பித்தது.

“கோவத்துல போவலீங்க. முதல்ல கோவம்தான் வந்திச்சு. அப்புறம் யோசன பண்ணேன். உங்க முடிய நான் எப்பிடி வேண்டிக்கலாம்? நம்ம வூட்டு முடிதானன்னு நெனச்சிட்டேன். நீங்க கும்புடாதவரு. அது எனக்குத் தெரியும், முருகனுக்கும் தெரியும். அடுத்தவங்க தோட்டத்துல வாழத்தார அறுத்துகினு போயி சாமி முன்னாடி வெச்சா நல்லாவா இருக்கும்? அதான் எங்கிட்ட இருக்கறத குடுத்துட்டு, தப்பா வேண்டிக்கினேன், மன்னிச்சிக்கடா அப்பான்னு சொல்லிட்டு வந்தேன்.”

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இவள் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். இத்தனை வருடம் அவள் நம்பிக்கையை நான் கேலி செய்தபோது, என் நம்பிக்கையின்மையை அவள் ஒரு தோட்டம் மாதிரி வேலி போட்டு விட்டு வைத்திருந்தது எனக்குத் தெரியாது. கேலிக்குப் பதில் கேலி சொன்னாளே தவிர, ஒரு நாளாவது “கும்பிடுங்க” என்று சொன்னதில்லை. நான் அதைக் கவனித்ததே இல்லை.

“நாளைக்கே போய் எறக்கிடறேன்” என்றேன்.

“எதுக்கு?”

“உனக்காக.”

“உங்க முடிய வெச்சிகினு நான் இன்னா பண்றது? வேண்டுதல் முடிஞ்சிடுச்சு. நம்பாம போயி குந்தினா அது வெறும் சலூன்தான. அங்க நம்பி வந்தவங்க வரிசைல நிக்கறாங்க, அவங்க எடத்த நீங்க எதுக்கு அடைக்கணும்?”

“பின்ன நான் என்னதான் பண்றது?”

“கூட வாங்க” என்றாள். “கும்புட வேணாம். டீக்கடையோட நிக்காம மேல வரைக்கும் வாங்க.”

ஊர் வந்து சேர்ந்ததும் பட்டறைக்குப் போனேன். “இன்னா பாய், வாயத் தொறக்காமயே காட்டிக் குடுத்துட்டீங்களே” என்றேன்.

அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “நான் ஒண்ணுமே சொல்லலியே சார். அந்த வண்டிக்கு நெஜமாவே கார்புரேட்டர்ல அடைப்பு.”

அவர் மொட்டையோடு வந்த அன்று நான் சொன்ன கேலியைப் பற்றியும் கேட்டுவிடலாம் என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். அன்னைக்கு மனசு கஷ்டப்பட்டுச்சா என்றேன். அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைக்க நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

“கொஞ்சம்” என்றார். பிறகு, “இப்ப கேட்டீங்களே, பரவால்ல. டீ சொல்லட்டுமா?” என்றார்.

சொன்னார். சர்க்கரை இல்லாமல்.

அடுத்த கிருத்திகைக்கு மனைவியோடு மலைக்குப் போனேன். வைகாசி வெயில். ஆட்டோ இறங்கிய இடத்திலிருந்து கல் சுட்டது. அவள் தலையில் முடி அப்போதுதான் நாற்று மாதிரி முளைத்துக்கொண்டிருந்தது, துணி போட்டால் அரிக்கிறது என்று போட மாட்டாள். அதனால் குடையைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நடந்தேன். ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கும்பல் காவடியோடு தெலுங்கில் பாடிக்கொண்டு போனது. முன்பு என்றால் ஏதாவது சொல்லியிருப்பேன். நாக்கு நுனிவரை வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவள் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள், சொல்லட்டும் பார்க்கலாம் என்பதுபோல.

முடி இறக்கும் இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஈரத்தலைகள், அழுகிற குழந்தை, சந்தன வாசம். வாசலில் நின்ற ஒருவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். அவர் தொழிலில் இப்படி ஒரு தலை அபூர்வமாகத்தான் கிடைத்திருக்கும்.

“வாங்க ஐயா, வாங்க. இந்தப் பக்கம் காலியா இருக்கு. டிக்கெட் வாங்கிகினு குந்துங்க.”

நான் நின்றுவிட்டேன். உட்கார்ந்துவிட வேண்டும் என்று இருந்தது. உட்கார்ந்தால் பாரம் இறங்கிவிடும். பாயும் இனிமேல் என் முடியைப் பற்றிப் பேச மாட்டார். ரயிலில் எந்தப் பெண்ணும் முறைக்க மாட்டாள். இவளும், என்னதான் வேண்டாம் என்று சொன்னாலும், உள்ளுக்குள் சந்தோஷப்படுவாள். உட்கார எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அங்கே வரிசையில் நிற்பவர்களிடம் இருந்த ஒரு காரணம்தான் இல்லை. அந்த நம்பிக்கை இல்லாமல் குனிந்து உட்கார்ந்தால் அவளிடம் இன்னொரு தடவை பொய் சொன்ன மாதிரிதான் ஆகும்.

மனைவியைப் பார்த்தேன். அவள் உதவிக்கு வரவில்லை. மண்டபத் தூணை ரசித்துக்கொண்டிருந்தாள்.

“இல்லப்பா” என்றேன் அந்த ஆளிடம். “எனக்கு வேண்டுதல் இல்ல. இவங்க கூட வந்தேன்.”

“இன்னா ஐயா, இவ்வளவு முடிய வெச்சிகினு” என்று அவர் வருத்தப்பட்டார்.

“அவரு முடி, அவரு பாத்துக்குவாரு” என்றாள் மனைவி அவரிடம். பிறகு என் முழங்கையை இடித்தாள். “குடைய நேராப் புடிங்க. பேசிகினே உங்க பக்கம் சாச்சிகினு போறீங்க, என் மண்ட காயுது.”

நேராகப் பிடித்தேன். வரிசை நகர்ந்தது.